ஆயிரம் கோர் கையில், எந்த மாதிரியில் எழுதுவது? இணைநிரலாக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மழையையும் ஆற்று வெள்ளத்தையும் கணிக்கும் நிரல்களோடு மல்லுக்கட்டுவது என் வேலை. எங்கள் ஊருக்கு வெள்ளம் புதிதல்ல. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது படகோடு இறங்கி மக்களைக் கரைசேர்த்த 'பாடவட்டன் அறுவர்' கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கப்புறம் எங்களிடம் படிக்க வந்த பிள்ளைகளில் இந்த ஊர்ப் பகுதிகளான சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முனைவர் பட்டத்துக்கு வந்தவர்களும் உண்டு. எல்லாரும் ஆங்கிலத்தில் பாடம் கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் தமிழில் சந்தேகம் கேட்பார்கள். ஒரு வேலையைப் பல கோர்களுக்கு, அதாவது செயலிக்குள் கணக்குப் போடும் அலகுகளுக்கு, பிரித்துக்கொடுக்கும் இணைநிரலாக்கம் பற்றித்தான் சந்தேகம். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன்.

அக்கா, என் லேப்டாப்பில் மூன்று நாள் ஓடும் நிரலை லெங்காவில் போட்டால் மூன்று மணி நேரத்தில் முடியுமா?

முடியாது. மூன்றரை நாள் ஆனாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

லெங்காவ் என்பது கேப் டவுன் ரோஸ்பேங்கில் உள்ள உயர்திறன் கணிப்பு மையத்தின், அதாவது சிஎச்பிசியின், கணினி. 2016-இல் ஓடத் தொடங்கியது. செட்ஸ்வானா மொழியில் லெங்காவ் என்றால் சிவிங்கிப்புலி. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். அதில் 1,300-க்கும் மேற்பட்ட நோட்கள், அதாவது வலையில் இணைத்த தனித்தனிக் கணினிகள், நோட்டுக்கு 24 கோர். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கோரும் 2.6 கிகாஹெர்ட்ஸ்தான். உங்கள் புது லேப்டாப்பின் ஒரு கோர் அதை முந்திவிடும். ஒரே கோரில் ஓடும்படி எழுதிய நிரல் அங்கே போனாலும் ஒரே கோரில்தான் ஓடும். மற்ற 32,000 கோர்களும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

2005 வாக்கு வரைக்கும் இந்தத் தலைவலி இல்லை. இரண்டு வருடம் காத்திருந்தால் அடுத்த செயலி வரும், அதே நிரல் தானாக வேகமெடுக்கும். அப்புறம் சில்லின் சூடு எல்லை மீறியது, கடிகார வேகம் நின்றுபோனது. வேகத்தைக் கூட்ட முடியாத நிறுவனங்கள் எண்ணிக்கையைக் கூட்டின. வேலையைப் பிரித்துக்கொடுக்கும் பொறுப்பு நிரல் எழுதுபவர் தலையில் வந்து விழுந்தது.

'இணைநிரலாக்க மாதிரி' என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அப்படியென்றால் என்ன? மொழியா, நூலகமா?

இரண்டும் இல்லை, ஓர் ஒப்பந்தம். எந்தத் தரவு யார் கண்ணுக்குத் தெரியும், ஒருவர் மாற்றியதை மற்றவர் எப்போது அறிவார், யார் யாருக்காகக் காத்திருப்பார் என்பதற்கான ஒப்பந்தம்.

காவடிக்கு முந்தின இரவு கோயில் மண்டபத்தில் காய் நறுக்கப் போயிருக்கிறீர்களா? நீள மேசை, நடுவில் பூசணியும் பீன்ஸும் மலைபோல. எல்லாரும் அதே குவியலிலிருந்து எடுத்து நறுக்கி அதே அண்டாவில் போடுகிறோம். பொது நினைவக மாதிரி இதுதான். ஓப்பன்எம்பி இந்த வகை.

மேசை போதவில்லை என்றால் மூட்டை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள். அத்தை வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கவேண்டுமானால் போன் போடவேண்டும். செய்தி அனுப்பும் மாதிரி அது. எம்பிஐ அந்த வகை.

மூன்றாவது ஒன்று உண்டு: ஒரே நேரத்தில் ஆயிரம் கத்தி இறங்கும் இயந்திரம். மிக வேகம். ஆனால் எல்லாக் கத்தியும் ஒரே மாதிரி வெட்டும், காயையும் நீங்கள்தான் அதன் வாயில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். அது ஜிபியு, அதாவது வரைகலைச் செயலி.

எந்த மாதிரி நல்லது என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் காய் எங்கே இருக்கிறது என்பதுதான். தரவு ஒரு நோட்டின் நினைவகத்துக்குள் அடங்குமா, அடங்காதா? ஒரு துண்டைக் கணக்கிடப் பக்கத்துத் துண்டு வேண்டுமா, வேண்டாமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். அதைச் சொல்லாமல் க்யூடாவா (என்விடியா ஜிபியுவுக்கு நிரல் எழுதும் முறை) எம்பிஐயா என்று சண்டை போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும்.

ஓப்பன்எம்பி சுலபம் என்கிறார்களே, உண்மையா?

தொடங்குவது சுலபம். 1997-இல் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழிக்காக முதல் வரையறை வந்தது, அடுத்த வருடம் சி மொழிக்கும் வந்தது. ஏற்கெனவே உள்ள வளையத்தின் தலையில் ஒரு வரி எழுதினால் போதும், கம்பைலர் அந்த வளையத்தை இழைகளுக்கு, அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல ஓட்டங்களுக்கு, பங்கிட்டுக்கொடுக்கும். அந்த வரியைப் புரியாத கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பழைய நிரல் பழையபடி ஓடும். ஒரே மூலத்தில் இரண்டும் இருப்பது பெரிய வசதி.

சிக்கல், எல்லாரும் ஒரே அண்டாவில் கை வைப்பதால் வருவது. மொத்த மழையளவைக் கூட்டும் ஒரு மாறி என்று வையுங்கள். ஓர் இழை அதில் 40 என்று படிக்கிறது. தன் 3-ஐச் சேர்த்து 43 என்று எழுதுவதற்குள் இன்னொரு இழையும் 40 என்று படித்துத் தன் 5-ஐச் சேர்த்து 45 என்று எழுதிவிடுகிறது. 48 வரவேண்டிய இடத்தில் 43-ஓ 45-ஓ நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை விடைகூடச் சரியாக இருக்கும். போட்டிநிலை என்று இதற்குப் பெயர். கூட்டலுக்கு 'ரிடக்‌ஷன்' என்று சொல்லிவிட்டால் ஒவ்வோர் இழையும் தனித் துணுக்கில் கூட்டி, கடைசியில் சேர்க்கும். எந்த மாறி பொது, எது தனி என்பதை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லும் 'டிஃபால்ட் நன்' என்ற விதியைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கட்டாயமாக்கிவிடுகிறேன். திட்டிக்கொண்டே எழுதுவார்கள், பரவாயில்லை.

24 இழை கொடுத்தும் எட்டு மடங்குதான் வேகம். மீதி எங்கே போனது?

இந்தக் கேள்வி வரும்போது எனக்குள் ஒரு சந்தோஷம், ஏனென்றால் கேட்பவர் அளந்து பார்த்திருக்கிறார்.

முதல் சந்தேகம், பிரிக்கமுடியாத பகுதி. 1967-இல் ஜீன் அம்டால் சொன்ன கணக்கு இது. நிரலின் நேரத்தில் 5 சதவீதம் ஒருவர் மட்டுமே செய்யக்கூடியது என்றால், 24 கோரில் உச்ச வேகம் 11 மடங்கு சொச்சம். 1,000 கோர் கொடுத்தால் 19.6. லெங்காவ் முழுவதையும் எழுதிக்கொடுத்தாலும் 20-ஐத் தாண்டாது. எங்கள் நிரல்களில் அந்த 5 சதவீதம் பெரும்பாலும் கோப்பு படிக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும், கணக்குப் போடும் இடத்தில் அல்ல. 1988-இல் ஜான் குஸ்டாஃப்சன் இதற்கு ஓர் ஆறுதல் சொன்னார்: அதிகக் கோர் கிடைத்தால் யாரும் அதே சின்னக் கணக்கைப் போடுவதில்லை, பெரிய கணக்கைப் போடுகிறார்கள், அப்போது பிரிக்கமுடியாத பங்கு சிறுத்துவிடும். நியாயமான பேச்சு. ஆனால் உங்கள் கணக்கு வளராத கணக்கு என்றால் அந்த ஆறுதல் உங்களுக்கில்லை.

இரண்டாவது, நினைவகத்தின் வாய். லெங்காவ் நோட்டில் 12 கோர் கொண்ட இரண்டு செயலிகள். ஒரு செயலி தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு உச்சமாக 68 ஜிகாபைட் இழுக்கலாம். அதை 12 பேர் பங்கிட்டால் தலைக்கு ஆறுகூட இல்லை. ஒரு எண்ணைப் படித்து, ஒரு கூட்டல் போட்டு, திரும்ப எழுதும் வகை நிரலுக்கு ஐந்தாறு கோரிலேயே வாய் நிரம்பிவிடும். மிச்சக் கோர்கள் வரிசையில் நிற்கும்.

மூன்றாவதில் நானே மாட்டியிருக்கிறேன். இரண்டு செயலிக்கும் தனித்தனி நினைவகம், பக்கத்து நினைவகத்தைத் தொடுவது மெதுவானது. இயங்குதளம் நினைவகத்தின் ஒரு துண்டை, அதை முதலில் தொட்ட இழை எந்தச் செயலியில் இருக்கிறதோ அந்தச் செயலியின் நினைவகத்தில் வைக்கும். நான் எண்களின் அணி (அரே) முழுவதையும் ஒரே இழையில் சுழியமாக்கிவிட்டு, கணக்கை மட்டும் 24 இழைக்குப் பிரித்திருந்தேன். தரவு முழுக்க ஒரு செயலியின் மடியில், மற்ற 12 கோரும் எட்டி எட்டி எடுத்துக்கொண்டிருந்தன. சுழியமாக்கும் வளையத்தையும் அதே மாதிரி பிரித்தேன். ஒரு வரி. ஓட்டம் ஏறக்குறையப் பாதி நேரத்தில் முடிந்தது. அந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

அப்புறம் போலிப் பகிர்வு என்று ஒன்று. கேஷில், அதாவது கோருக்குப் பக்கத்திலுள்ள சின்ன வேக நினைவகத்தில், தரவு 64 பைட் துண்டுகளாக நகரும். இழைக்கு ஒன்றாக எட்டு எண்ணிகளை அடுத்தடுத்து வைத்தால் எட்டும் ஒரே துண்டில் வந்து உட்காரும். ஒருவர் எண்ணியை மற்றவர் தொடுவதே இல்லை, ஆனாலும் துண்டு கோருக்குக் கோர் பறந்துகொண்டிருக்கும். ஒரே நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கொரு வரியில் எழுதுகிறோம் என்று நாலு பேர் அதை இழுத்தால் எப்படியோ அப்படி. எண்ணிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

எம்பிஐக்கு எப்போது போகவேண்டும்?

தரவோ நேரமோ ஒரு நோட்டைத் தாண்டும்போது. அதற்கு முன்னால் போகவேண்டிய அவசியம் பலருக்கு இல்லை.

1980-களின் கடைசியில் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்கென்று ஒரு செய்தி அனுப்பும் முறை வைத்திருந்தது. இயந்திரம் மாறினால் நிரலைத் திருப்பி எழுதவேண்டும். அந்தக் குழப்பம் தீர எல்லாரும் உட்கார்ந்து எழுதிய பொது வரையறையாக 1994-இல் எம்பிஐ வந்தது. ஐந்தாம் பதிப்பு 2025-இல் வந்தது. 1990-களில் எழுதிய எம்பிஐ நிரல்கள் பெரிய மாற்றமில்லாமல் இன்றும் ஓடுகின்றன. மென்பொருள் உலகில் இது அபூர்வம்.

இங்கே ஒவ்வொரு செயல்முறைக்கும், அதாவது தனியாக ஓடும் நிரலின் ஒவ்வொரு பிரதிக்கும், தனி நினைவகம், தனி எண். ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியவேண்டுமானால் ஒருவர் அனுப்பவேண்டும், மற்றவர் வாங்கவேண்டும். எங்கள் மழை மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். டிராகன்ஸ்பர்க் மலையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 1,000-க்கு 1,000 கட்டங்கள் என்று வைப்போம். அதைத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு செயல்முறை. ஒரு கட்டத்தின் அடுத்த நிமிடக் காற்றைக் கணிக்க நாலு பக்கத்துக் கட்டங்களும் வேண்டும். துண்டின் நடுவில் பிரச்சினை இல்லை. விளிம்பில் உள்ள கட்டத்துக்குப் பக்கத்து வீட்டுத் தரவு வேண்டும். அதனால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் ஒரு வரிசை கூடுதலாக வைத்து, ஒவ்வொரு காலப்படியிலும் பக்கத்தவரின் விளிம்பை வாங்கி அதில் நிரப்புவோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாலு துண்டாக வெட்டினால் துண்டுக்கு 2,50,000 கட்டம், வாங்கவேண்டிய விளிம்பு அதிகபட்சம் 2,000. ஒரு சதவீதம்கூட இல்லை. நூறு துண்டாக்கினால் துண்டுக்கு 10,000, விளிம்பு 400, அதாவது 4 சதவீதம். பத்தாயிரம் துண்டாக்கினால்? துண்டுக்கு 100 கட்டம், விளிம்பு 40. ஐந்து கட்டம் கணக்குப் போட இரண்டு கட்டம் போனில் கேட்கும் நிலைமை வந்துவிடும். எண்ணிக்கை போதாதென்று தாமதம் வேறு. நோட்களை இணைக்கும் நல்ல இன்ஃபினிபேண்ட் வலையில்கூட ஒரு சின்னச் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடி. அதற்குள் 2.6 கிகாஹெர்ட்ஸ் கோர் 2,600 துடிப்பு துடித்துவிடும். அதனால்தான் சின்னச் சின்னச் செய்திகளாக அனுப்பாமல், ஒரு மூட்டையாகக் கட்டி ஒரே தடவையில் அனுப்பச் சொல்கிறோம். முடிந்தால் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், அது வந்துசேர்வதற்குள் துண்டின் நடுப்பகுதியைக் கணக்கிட்டு முடித்துவிடுங்கள்.

சின்னத் தரவில் அருமையாக ஓடுகிறது. பெரிய தரவில் அப்படியே உறைந்துவிடுகிறது. பிழையும் வரவில்லை. பேய் பிடித்ததா?

பேயெல்லாம் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் போனில் அழைக்கிறீர்கள், இருவருக்கும் 'பிஸி'.

சாதாரண எம்பிஐ அனுப்பு அழைப்பு, சின்னச் செய்தி என்றால் அதை ஓர் இடைத்தேக்கத்தில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், போட்டுவிட்டு உடனே திரும்பிவிடலாம். பெரிய செய்தி என்றால் எதிராளி வாங்கத் தயாராகும் வரை நிற்கலாம். இரண்டும் வரையறைக்கு உட்பட்டதுதான். இரண்டு செயல்முறையும் முதலில் அனுப்பு, அப்புறம் வாங்கு என்று எழுதியிருந்தால், சின்னத் தரவில் இடைத்தேக்கம் உங்களைக் காப்பாற்றிவிடும். தரவு எல்லையைத் தாண்டியதும் இருவரும் அனுப்பிலேயே நிற்பார்கள், வாங்க யாரும் வரமாட்டார்கள். நிரல் முதல் நாளிலிருந்தே தவறு, அதிர்ஷ்டத்தில் ஓடியது. அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்துச் செய்யும் அழைப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது காத்திருக்காத வகையை. சோதிக்கும்போது, எதிராளி வரும் வரை கட்டாயம் நிற்கும் அனுப்பு வகை ஒன்று உண்டு. எல்லா அனுப்பையும் தற்காலிகமாக அதற்கு மாற்றி ஓட்டினால் இந்த வகைத் தவறெல்லாம் சின்னத் தரவிலேயே மாட்டும்.

எம்பிஐயும் ஓப்பன்எம்பியும் சேர்த்து எழுதலாமா?

எழுதலாம், பலர் எழுதுகிறார்கள். காரணம் பெரும்பாலும் வேகம் அல்ல, நினைவகம். ஒவ்வொரு செயல்முறையும் 2 ஜிகாபைட் அட்டவணை ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்றால், நோட்டுக்கு 24 செயல்முறை போட்டால் 48 ஜிகாபைட் அதற்கே போச்சு. செயலிக்கு ஒரு செயல்முறை, அதற்குள் 12 இழை என்று வைத்தால் 4 ஜிகாபைட்டில் முடிந்தது. முன்னே சொன்ன நினைவக மடிப் பிரச்சினையும் தீரும்.

ஆனால் இழைகளுக்குள்ளிருந்து எம்பிஐயை அழைக்கப்போகிறீர்கள் என்றால் அதைத் தொடக்கத்திலேயே அறிவிக்கவேண்டும். இதை மறந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறைய.

ஜிபியு இல்லாமல் இனிமேல் எதுவும் இல்லை என்கிறார்கள். நேராக க்யூடா படித்துவிடட்டுமா?

படிக்கலாம், ஆனால் எதற்காக என்று தெரிந்து படியுங்கள்.

ஜிபியுவின் பலம் அதன் நினைவக வாய். என்விடியா வி100 அட்டை தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 900 ஜிகாபைட் இழுக்கும். ஆனால் தாய்க் கணினியிலிருந்து பிசிஐஇ என்ற இணைப்பு வழியாக அதற்குத் தரவு போகும் வேகம் நொடிக்கு 16 ஜிகாபைட்தான். ஐம்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஒவ்வொரு காலப்படியிலும் தரவை அட்டைக்கு அனுப்பி, ஒரு கூட்டல் போட்டு, திருப்பி வாங்குகிறவர்கள் 'ஜிபியு மெதுவாக இருக்கிறது' என்று புகார் சொல்வார்கள். இயந்திரத்தின் வாசலுக்கு மூட்டை சுமந்தே நேரம் போய்விட்டது, கத்தி சும்மா நின்றது. தரவு அட்டையிலேயே குடியிருக்கவேண்டும், விடை மட்டும் வெளியே வரவேண்டும். கிளைபிரியும் நிரலும் ஆகாது. 32 இழைகள் ஒரே அடி எடுத்துவைக்கும் கூட்டம் அது. பாதிப் பேர் இடப்பக்கம், பாதிப் பேர் வலப்பக்கம் என்றால் ஒரு பாதி போய்வரும் வரை மறுபாதி நிற்கும்.

மாதிரிக்கு வருவோம். 2007-இல் வந்த க்யூடா முதிர்ந்தது, கருவிகள் அருமை, ஆனால் என்விடியா அட்டைக்கு மட்டும். 2022-இல் முதல் எக்சாஃப்ளாப் (நொடிக்கு 1-க்குப் பின் 18 சுழியம் போட்ட எண்ணிக்கையில் கணக்கு) கணினியாக அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் ஃபிரான்டியரில் இருப்பவை ஏஎம்டி அட்டைகள். பின்லாந்தில் உள்ள லூமி கணினியிலும் அதேதான். அங்கே ஹிப் என்ற, பார்க்க க்யூடாவின் தம்பி போன்ற ஒன்று. இரண்டிலும் ஓடவேண்டும் என்றால் சிக்ல், கோக்கோஸ் போன்றவை உண்டு, சி++ நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். பழைய ஃபோர்ட்ரான் நிரல் கையில் இருந்தால் ஓப்பன்எம்பி போலவே வரி சேர்க்கும் ஓப்பன்ஏசிசி, அல்லது 2013-இல் ஓப்பன்எம்பியிலேயே வந்த ஜிபியு வரிகள்.

என் வரிசை இது: முதலில் உங்கள் கணக்குக்குத் தயாராக நூலகம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஓப்பன்எம்பி வரிகள். அதிலும் வேகம் வராத ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் க்யூடாவோ ஹிப்போ. முழு நிரலையும் க்யூடாவில் எழுதியவர்கள் பிறகு அட்டை மாறும்போது படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

சேப்பல், கோஅரே ஃபோர்ட்ரான் எல்லாம்?

பல நோட்களில் சிதறிய நினைவகத்தை ஒரே நினைவகம் போலக் காட்டும் மாதிரிகள். கருத்து அழகு. சேப்பல் நிரலைப் படித்தால் மனசுக்கு இதமாக இருக்கும். கோஅரே 2008-ஆம் ஆண்டு ஃபோர்ட்ரான் வரையறையிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் தூரத்துத் தரவும் கிட்டத்துத் தரவும் எழுத்தில் ஒரே மாதிரி தெரிவதால் எது விலை அதிகம் என்பது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. நான் சம்பளத்துக்கு எழுதும் நிரலில் இன்னும் பயன்படுத்தவில்லை.

ஃபோர்ட்ரானா? இந்தக் காலத்திலா?

ஆமாம். அடுத்த கேள்வி.

எனக்குப் பைதான் மட்டும்தான் தெரியும்.

குறைவில்லை. பைதானில் ஒரு பெரிய பூட்டு இருப்பதால் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஓர் இழைதான் பைதான் கட்டளைகளை ஓட்டும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் பூட்டில்லாத வகையும் சோதனை அளவில் வந்தது. ஆனால் நம்பை போன்ற கணக்கு நூலகங்களின் உள்ளே இருப்பது சியும் ஃபோர்ட்ரானும்தான், அங்கே வேகம் உண்டு. நோட்டைத் தாண்ட, பைதானிலிருந்து எம்பிஐயை அழைக்கும் எம்பிஐ4பை நூலகம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் சிறிய எழுத்தில் தொடங்கும் அனுப்பு அழைப்பு எந்தப் பொருளையும் மடித்துக் கட்டி அனுப்பும், மெதுவானது. பெரிய எழுத்தில் தொடங்குவது நம்பை அணியை அப்படியே அனுப்பும். ஓர் எழுத்து வித்தியாசம், நேரத்தில் பல மடங்கு.

500 வெவ்வேறு மழையளவுக்கு ஒரே நிரலை ஓட்டவேண்டும். எம்பிஐயில் எப்படி எழுதுவது?

எழுதவேண்டாம். 500 ஓட்டத்துக்கும் ஒன்றோடொன்று பேச்சே இல்லையே. வேலை வரிசை மென்பொருளில் 'ஜாப் அரே' என்று ஒன்று உண்டு. ஒரே ஆணையில் 500 ஓட்டத்தையும் கொடுத்துவிட்டு ரூட்டி சாப்பிடப் போகலாம். இந்தப் பதிலைக் கேட்டதும் சில பிள்ளைகள் முகம் வாடிவிடுகிறது, ஏதோ ஏமாற்று வேலை போல. ஏமாற்று இல்லை.

ஒவ்வொரு தடவையும் கடைசி இலக்கங்கள் மாறுகின்றனவே?

கணினியின் பின்ன எண்களில் கூட்டல் வரிசை மாறினால் விடை மாறும். 1-க்குப் பின் 16 சுழியம் போட்ட எண்ணோடு 1-ஐக் கூட்டி, பிறகு அந்தப் பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள். இரட்டைத் துல்லியத்தில் விடை 0. முதலில் பெரிய எண்களைக் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் 1. இணைநிரலில் யார் முதலில் முடிக்கிறாரோ அதைப் பொறுத்துக் கூட்டல் வரிசை மாறும். அதனால் கடைசி இலக்கங்கள் ஆடினால் பயப்படவேண்டாம். மூன்றாம் இலக்கம் ஆடினால் போட்டிநிலை இருக்கிறதா என்று தேடுங்கள்.

லோட் ஷெட்டிங் வந்தால் என் ஓட்டம் என்ன ஆகும்?

போய்விடும். முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் பல கணினிகளை இணைத்த சிறிய கிளஸ்டர் இருந்தது. மின்சாரம் போனது, ஜெனரேட்டர் தும்மியது, தும்மலோடு நின்றது. இரண்டரை நாள் ஓடிய கணக்கு, சேமிப்பு எதுவுமில்லாமல் போனது. அன்றிலிருந்து சேமிப்புப் புள்ளி இல்லாத நிரலை நான் வரிசையில் போடுவதில்லை.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை சேமிப்பது? 1974-இல் ஜான் யங் கொடுத்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: சேமிக்க ஆகும் நேரத்தையும் சராசரியாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பழுது வரும் என்பதையும் பெருக்கி, இரட்டிப்பாக்கி, வர்க்கமூலம் எடுங்கள். சேமிக்க 2 நிமிடம், நாளைக்கு ஒரு தடவை, அதாவது 1,440 நிமிடத்துக்கு ஒரு தடவை, மின்வெட்டு என்றால் 5,760-இன் வர்க்கமூலம். சுமார் 76 நிமிடத்துக்கு ஒரு தடவை. பழைய சேமிப்பை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் இரண்டும் இல்லை. இரண்டு கோப்பு மாறி மாறி வையுங்கள்.

எத்தனை கோர் கேட்பது?

உண்மைத் தரவைக் கொஞ்சக் காலப்படிக்கு மட்டும் 1, 2, 4, 8 நோட்டில் ஓட்டிப் பாருங்கள். இரட்டிப்பு நோட்டுக்கு நேரம் பாதியாகிக்கொண்டே வரும், ஓரிடத்தில் வேகம் கூடுவது தளர்ந்துவிடும். அதற்கு முந்தின எண்ணைக் கேளுங்கள். பெரிதாகக் கேட்டால் வரிசையில் நிற்கும் நேரமும் கூடும் என்பதை மறக்கிறார்கள். 40 நோட்டுக்காக நாலு நாள் காத்திருந்து மூன்று மணி நேரம் ஓட்டுவதைவிட, 10 நோட் உடனே கிடைத்து ஒன்பது மணி நேரம் ஓடினால் எது முதலில் முடியும்?

மாணவருக்கு லெங்காவில் இடம் கிடைக்குமா?

உங்கள் பேராசிரியர் தன் ஆய்வுத் திட்டத்தைப் பதிவுசெய்து, அதில் உங்களைச் சேர்க்கவேண்டும். இளநிலை மாணவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு: சிஎச்பிசி நடத்தும் மாணவர் கிளஸ்டர் போட்டி. அதில் தேர்வாகும் குழு ஜெர்மனியில் நடக்கும் உலகப் போட்டிக்குப் போகும். 2013, 2014, 2016, 2019 ஆகிய வருடங்களில் தென்னாப்பிரிக்கப் பிள்ளைகள் அங்கே முதலிடம் வாங்கினார்கள். இதைச் சொன்னால் என் அம்மா நம்பவில்லை, படத்தைக் காட்டியபிறகுதான் நம்பினார்.

எங்கிருந்து தொடங்கட்டும்?

சூடான தட்டிலிருந்து. சதுரத் தகடு, ஒரு ஓரம் சூடு, மற்ற ஓரங்கள் குளிர். ஒவ்வொரு கட்டமும் தன் நாலு பக்கத்தின் சராசரியாக மாறிக்கொண்டே போகும். ஐம்பது வரியில் எழுதிவிடலாம். முதலில் ஒரே கோரில் எழுதி நேரத்தைக் குறித்துவையுங்கள், விடையைக் கோப்பில் போட்டுவையுங்கள். அப்புறம் ஓப்பன்எம்பி வரி சேர்த்து அதே விடை வருகிறதா பாருங்கள். அப்புறம் எம்பிஐ.

எம்பிஐயில் விளிம்புப் பரிமாற்றம் எல்லாருக்கும் முதல் தடவை தப்பும். அப்போது வெப்பநிலையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அதை வைத்திருக்கும் செயல்முறையின் எண்ணை நிரப்புங்கள். ஒரே ஒரு பரிமாற்றம் செய்து ஒவ்வொரு துண்டையும் சுற்றுவரிசையோடு அச்சிட்டுப் பாருங்கள். 5-ஆம் துண்டின் இடப்பக்கம் முழுக்க 4 என்றும் வலப்பக்கம் முழுக்க 6 என்றும் வரவேண்டும். அங்கே 5 என்றே நின்றால் செய்தி வந்துசேரவில்லை. வேறு ஏதாவது எண் நின்றால் தப்பான வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறீர்கள்.